உழைப்பும் போதுமென்ற மனமும்: காயிதெ மில்லத் அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

 

எல்லாப் புகழும் ஏக வல்லோனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஜமாஅத்தின் ஆண்டறிக்கையும் மலரும் ஒருசேர வெளிவரும் இவ்வேளையில், மலருக்கென ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகப் பெருமக்கள் நம்மைப் பணித்தனர். எதைப் பற்றி எழுதுவது என்று எண்ணியிருந்தபோது, இவ்வாண்டில் நம்மைத் தேடி வந்த இருவரின் முகங்கள் நினைவில் எழுந்தன.

ஒருவர் நம் முஹல்லாவின் இளைஞர். ஒரு நாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அனைவரும் எழுந்து சென்ற பிறகும் அவர் ஸஃப்பிலேயே அமர்ந்திருந்தார். அருகில் சென்று விசாரித்தோம். முப்பது வயதுக்குள் சொந்த வீடு, வாகனம், வெளிநாட்டு வேலை என்று மூன்று இலக்குகளைத் தாளில் எழுதி வைத்து உழைத்தவர் அவர். அவற்றுள் இரண்டு கைகூடிவிட்டன. ஆயினும் இரவில் உறக்கமில்லை, உணவில் ருசியில்லை, கிடைத்தவற்றைக் கண்டு உள்ளம் மகிழவில்லை என்று கண் கலங்கினார்.

மற்றொருவர் ஒரு தந்தை. தம் மகன் படிப்பை முடித்தும் எந்த வேலையையும் தேடாமல் வீட்டிலேயே இருப்பதாகவும், கேட்டால் அல்லாஹ் கொடுத்தது போதும், ஆசைப்படுவது தவறு என்று மார்க்கம் பேசுவதாகவும் வருந்தினார்.

முதலாமவர் உழைப்பை அறிந்தார்; நன்றியை மறந்தார். அந்த மகன் நன்றியின் பெயரால் உழைப்பைக் கைவிட்டார். இவ்விருவருக்கும் ஒரே விடை உண்டு என்று நமக்குத் தோன்றியது. அந்த விடையை ஏட்டிலிருந்து மட்டும் கூறாமல், நாம் பருகும் இதே தாமிரபரணித் தண்ணீரைப் பருகி வளர்ந்த ஒருவரின் வாழ்விலிருந்து கூற விரும்பினோம். அவரே கண்ணியமிகு காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்கள். அவர்களுடைய அரசியல் கொள்கைகளை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. நம் ஜமாஅத்தில் பல கட்சியினரும் உள்ளனர். ஒரு முஸ்லிம் தன் நாளையும் தன் குறிக்கோளையும் எவ்வாறு அமைத்துக் கொள்ளலாம் என்பதற்கு அவர்களின் வாழ்வு சான்றாக நிற்பதையே நாம் நோக்குகின்றோம்.

பிறப்பும் இளமையும்

நம் விக்கிரமசிங்கபுரத்தைக் கடந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகச் செல்லும் ஆறு நெல்லையை அடையுமிடத்தில், நகரின் மேற்கே அமைந்திருப்பது பேட்டை. அங்கு 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் மியாகான் ராவுத்தர் அவர்களின் மகனாக இஸ்மாயீல் சாஹிப் பிறந்தார்கள். தந்தையார் வணிகர்; மார்க்க அறிவும் உடையவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த அப்பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அன்னையார் முஹ்யித்தீன் ஃபாத்திமா அவர்களைச் சார்ந்தது. திருக்குர்ஆனையும் அரபு மொழியையும் முதன்முதலில் அன்னையிடமே அவர்கள் கற்றார்கள்.

தந்தையில்லாத பிள்ளை தன் நிலையை எண்ணி நொந்து கிடப்பதற்குக் காரணங்கள் ஏராளம் இருந்தன. ஆனால் 1909ஆம் ஆண்டிலேயே, தம் பதின்மூன்றாம் வயதில், நெல்லையில் முஸ்லிம் இளைஞர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவர் அவர்கள். 1918இல் ஆலிம்களை ஒன்றுசேர்க்கும் மஜ்லிஸுல் உலமா அமைப்பு உருவாகவும் பாடுபட்டார்கள். நம் மக்தபில் ஓதும் பிள்ளைகளுள் பதின்மூன்று வயதுடையோரை நினைத்துப் பாருங்கள்! அந்த வயதில் ஒருவர் தமக்கென்று மட்டுமன்றிப் பிறருக்கும் சேர்த்து ஒரு குறிக்கோளை வகுத்துக் கொண்டார்.

கைவிட்ட பட்டம்

நெல்லையில் பள்ளிக் கல்வியை முடித்து, திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் கல்லூரியில் பயின்றார்கள். பி.ஏ. பட்டம் பெறும் தறுவாயில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பு நாடெங்கும் ஒலித்தது. கிலாஃபத் இயக்கமும் அதனோடு இணைந்து நின்றது. அன்றைய நாளில் பட்டம் என்பது அரசு உத்தியோகத்தின் வாசல். பல ஆண்டுகள் உழைத்து அந்த வாசல்வரை வந்த இஸ்மாயீல் சாஹிப் அவர்கள், தேர்வை எழுதாமல் திரும்பினார்கள்.

இதிலிருந்து படிப்பை விட்டுவிடலாம் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். பிற்காலத்தில் கல்லூரிகள் பெருக வேண்டும், பிள்ளைகள் பட்டம் பெற வேண்டும் என்று சமுதாயத்தை இடைவிடாது தூண்டியவர்களும் அவர்களே. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. குறிக்கோள் நம் கையில் இருக்கிறதா, குறிக்கோளின் கையில் நாம் இருக்கிறோமா? பெரிய கடமை ஒன்று எதிரே வரும்போது சிறிய குறிக்கோளை இறக்கி வைக்க இயலாதவன், அக்குறிக்கோளுக்கு அடிமையாகிவிடுகிறான். நம்மிடம் வந்து கண் கலங்கிய இளைஞரின் தாளில் மூன்று இலக்குகள் இருந்தன. அவற்றை எதற்காக அடைய வேண்டும் என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை. செயல்களெல்லாம் நிய்யத்தைப் பொறுத்தே அமையும் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது இதற்காகவே.

வணிகத்தில் ஈடுபட்ட காலம்

பட்டத்தை விட்டவர்கள் சும்மா இருந்தார்கள் இல்லை. சென்னையில் புகழ் பெற்ற வணிகரும் கொடையாளருமான ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் தொடர்பால் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். 1923இல் ஜமால் ஹமீதா பீ அவர்களை மணந்தார்கள். இத்தம்பதியருக்கு ஜமால் மியாகான் என்னும் ஒரே மகன் பிறந்தார்.

தோல் வணிகம் சோம்பேறிகளுக்கு உரியதன்று. பச்சைத் தோலை உரிய நேரத்தில் பதப்படுத்தாவிட்டால் அது கெட்டுவிடும். அத்தகைய தொழிலில் பழகியவருக்கு நேரத்தின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஊராருக்கும் அது புதிதன்று. ஹார்வி மில் என்று நம் முன்னோர் அழைத்த ஆலையின் சங்கொலிக்கு எழுந்து, உண்டு, ஓடி, உழைத்த குடும்பங்கள் நம் ஊரில் பல தலைமுறைகளாக உண்டு. சங்கு ஊதும் முன் வாயிலில் நிற்க வேண்டும் என்று அறிந்த மக்கள் நாம். பாங்கொலிக்கும் அதே மரியாதையைத் தந்தால் நாள் முழுவதும் ஒழுங்காகிவிடும். ஐவேளைத் தொழுகையே மூமினுடைய நாளின் கால அட்டவணை. காலத்தின் மீது சத்தியமிட்டு ஓர் அத்தியாயத்தையே இறைவன் இறக்கியருளியிருக்கும்போது, காலத்தை வீணாக்குவதை எளிமை என்று எவ்வாறு கூற இயலும்?

சோதனை மிகுந்த 1948

நாடு பிரிவினையைக் கண்டது. எஞ்சி நின்ற முஸ்லிம்களின் உள்ளங்களில் அச்சமும் குழப்பமும் நிறைந்திருந்தன. 1946 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் தோள்மீது பெரும் பாரம் வந்து விழுந்தது. அமைப்பைக் கலைத்துவிடுவதே நலம் என்று பலரும் அறிவுரை கூறினர். எனினும் 1948ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தம் மறைவுவரை அப்பொறுப்பைச் சுமந்தார்கள்.

அதே ஆண்டில் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினரானார்கள். 1948 நவம்பர் 23 அன்று பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமுதாயத்தாரும் தத்தம் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று பொருள்படும் திருத்தம் ஒன்றை அவர்கள் முன்மொழிந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தது. தொன்மையே அளவுகோல் என்றால் இந்நாட்டு மொழிகளுள் தமிழுக்கே அத்தகுதி உண்டு என்று அச்சபையில் எடுத்துரைத்தார்கள். பேட்டையின் மைந்தர் தமிழுக்காக டெல்லியில் எழுப்பிய அக்குரலைத் தமிழுலகம் இன்றும் நினைவுகூர்கிறது. ஆனால் சபையின் முடிவு வேறாக அமைந்தது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். கருதியவை கைகூடவில்லை. இன்று ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் நம் பிள்ளைகள் வாழ்வே முடிந்ததென்று மூலையில் முடங்குகின்றனர். ஒரு வியாபாரம் நட்டமடைந்தால் பெரியவர்களும் இறைவனை நொந்து கொள்கின்றனர். இஸ்மாயீல் சாஹிப் அவர்களோ தம் கருத்தை முறையாக எடுத்துரைத்தார்கள். மறுக்கப்பட்டதும் வெறுப்புற்று வெளியேறவில்லை. அச்சபையிலேயே தொடர்ந்து அமர்ந்தார்கள். பின்னர் அதே அரசியல் சட்டத்தின் கீழ் அமைந்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பணியாற்றினார்கள். முயற்சி தம்முடையது, முடிவு இறைவனுடையது என்ற தவக்குல் உள்ளத்தில் வேரூன்றாமல் இது இயலாது.

கியாமத் நாள் வந்துவிட்ட நிலையிலும் கையில் ஒரு மரக்கன்று இருந்தால் அதை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். அந்தக் கன்று மரமாகாது, காய் தராது, நிழலும் தராது. ஆயினும் நட வேண்டும். ஏனெனில் நடுவதே அடியானின் வேலை. குறிக்கோள் வகுப்பதற்கு மார்க்கம் காட்டும் நெறி இதுவே.

பதவியும் எளிமையும்

1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்கள். பின்னர் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் அவர்களை மக்களவைக்கு அனுப்பினர். மாநிலம் வேறு, பேச்சு மொழி வேறு; ஆயினும் நெல்லைச் சீமையில் பிறந்தவரை மலபார் மக்கள் தம்மவராகவே கொண்டாடினர். காயிதெ மில்லத், அதாவது சமுதாயத்தின் வழிகாட்டி, என்னும் பட்டப்பெயரே இயற்பெயரினும் மிகுதியாக வழங்கலாயிற்று. இத்தனை ஆண்டுகள் பொதுவாழ்வில் இருந்தும் அமைச்சர் பதவி எதையும் அவர்கள் வகித்ததில்லை. நீண்ட ஷெர்வானியும் தொப்பியும் அணிந்து, அளந்து பேசும் அமைதியான மனிதராகவே இறுதிவரை விளங்கினார்கள். கொள்கையில் மாறுபட்டோரும் அவர்களைக் கண்ணியத்திற்குரியவர் என்ற அடைமொழியோடு குறிப்பிட்டது தமிழகம் அறிந்ததே.

1962இல் சீனாவுடன் போர் மூண்டபோது, தம் ஒரே மகனைப் படைப்பணிக்குத் தர முன்வந்தார்கள் என்பதும் நாடறிந்த செய்தி. பொருளைக் கொடுப்பது எளிது. தந்தையை இளமையில் இழந்து, ஒரே பிள்ளையைப் பெற்ற ஒருவர் அப்பிள்ளையைக் கொடுக்க முன்வருவது எளிதன்று. உள்ளதெல்லாம் இறைவன் தந்த அமானிதம் என்று கருதுவோரால் மட்டுமே அது இயலும். எளிமை என்பது கிழிந்த ஆடையில் இல்லை. கையில் இருப்பதை என்னுடையது என்று இறுகப் பற்றாதிருப்பதில் உள்ளது.

செல்வமும் நன்றியும்

இங்கு ஒரு ஐயம் எழலாம். பொருளீட்டுவதே தவறா? அன்று. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அத்தோழருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டுமாறு மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வணிகம் பெருகி, பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார்கள். அப்பெருஞ்செல்வர் ஒரு நாள் நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது, முஸ்அப் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது கஃபன் துணிகூடப் போதாதிருந்ததை நினைத்து, உணவை விட்டுவிட்டு அழுதார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. சந்தைக்கு வழி கேட்ட அதே மனிதர்தாம் உணவின் முன் அழுதவர். உழைப்பும் நன்றியும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடியவை.

மேலும், தாவூது நபி (அலை) அவர்களின் குடும்பத்தாரை நன்றி பாராட்டும் வகையில் செயலாற்றுமாறு இறைவன் பணித்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. நன்றி நாவோடு முடிந்துவிடுவதில்லை. அது செயலாக வெளிப்பட வேண்டும். பாதங்கள் வீங்கும்வரை நபி (ஸல்) அவர்கள் இரவில் நின்று வணங்கியதும் நன்றியுள்ள அடியாராக இருக்கவே. ஆகவே, நன்றியுடையவன் சோம்பியிருக்க மாட்டான். அந்தத் தந்தையின் மகனுக்கு நாம் கூறுவது இதுதான்: தம்பி! அல்லாஹ் உமக்குக் கைகளையும் கல்வியையும் தந்தான். அவற்றைப் பயன்படுத்தாதிருப்பது போதுமென்ற மனமாகாது; அது நன்றி மறத்தலாகும்.

பெயரும் மறையும், பணி நிற்கும்

1972 ஏப்ரல் 5 அன்று, தம் 75ஆம் வயதில், சென்னையில் காயிதெ மில்லத் அவர்கள் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். 1974இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசு மகளிர் கலைக் கல்லூரி அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்த நாகை மாவட்டத்துக்கும் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர்கள் வேண்டாம் என்று அரசு முடிவு செய்தபோது, மற்றத் தலைவர்களின் பெயர்களோடு அப்பெயரும் நீங்கியது. பெயர்ப்பலகைகள் ஏறும், இறங்கும். ஆனால் அக்கல்லூரியில் படித்து வெளியேறும் ஒரு பெண்பிள்ளையின் கையிலுள்ள பட்டத்தை எந்த ஆணையும் இறக்கிவிடாது. தமக்கான பட்டத்தை விட்டுச் சென்றவரின் பெயரால் எத்தனையோ பெண்மக்கள் பட்டம் பெறுகின்றனர். இறைவனின் பரக்கத்துக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

நமக்கு நாமே கூறிக்கொள்வது

இவ்வறிவுரை பிறருக்கு மட்டுமன்று. இம்மலரோடு இணைந்துள்ள ஆண்டறிக்கையை முதலில் படித்தபோது, சந்தா எவ்வளவு, கல்வி உதவி பெற்றோர் எத்தனை பேர், நிறைவேறாத பணிகள் யாவை என்று எண்களிலேயே நம் கண்கள் ஓடின. நிறைவேறாத பணிகளைக் கண்டு மனம் சோர்ந்தது. பல குடும்பங்கள் தம் வரவில் மிச்சம் பிடித்துத் தந்த காசே அந்த எண்கள் என்பதைப் பிறகே உணர்ந்தோம். அதற்கு நன்றி கூறாமல் குறையை எண்ணிய நம்மையும் அல்லாஹ் மன்னிப்பானாக.

பாபநாசம் அணையின் உச்சமட்டம் 143 அடி. மழைக்காலத்தில் அணை எவ்வளவு நிறைந்தது என்று நாம் ஆவலோடு விசாரிக்கின்றோம். ஆனால் தேங்கிய நீரை அணை தனக்கென வைத்துக் கொள்வதில்லை. அது மின்சாரம் தருகிறது. இறங்கி வந்து வயலை நனைக்கிறது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீராகிறது. நிறைவதும் வேண்டும், திறப்பதும் வேண்டும். நிறையாத அணையால் எவருக்கும் பயனில்லை. திறவாத அணையால் ஊருக்கே ஆபத்து.

ஆதலின் அன்பர்களே, நாம் மூன்று பழக்கங்களை இவ்வாண்டில் மேற்கொள்வோம். சுப்ஹுக்குப் பின் அன்றைய வேலைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறோம் என்ற நிய்யத்தையும் மனத்தில் கொள்வோம். இஷாவுக்குப் பின், முடியாமற்போனவற்றை எண்ணும் முன், அன்று பெற்ற நிஃமத்துகளை எண்ணி அல்ஹம்துலில்லாஹ் என்று கூறுவோம். ஆண்டுக்கு ஒரு குறிக்கோளையேனும் நமக்கன்றிப் பிறருக்காக வகுப்போம். ஒரு பிள்ளையின் கட்டணம், ஒரு நோயாளியின் மருந்து, ஒரு கடனாளியின் மீட்சி என்று அது எதுவாகவும் இருக்கலாம்.

நம்மிடம் வந்த அந்த இளைஞர் தம் மூன்றாவது இலக்கைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. வெளிநாடு செல்வது ஹலாலான முயற்சியே. தம் தாளில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்குமாறு மட்டுமே கேட்டுக்கொண்டோம். அவர் தம் தெருவில் தந்தையை இழந்த ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை எழுதினார். சில வாரங்கள் கழித்து ஜும்ஆவில் அவரைக் கண்டோம். இப்போது உறக்கம் வருகிறதா என்று வினவினோம். புன்னகை செய்தார். அதுவே நமக்குப் போதுமானதாயிருந்தது.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் இக்லாஸையும், வருவாயில் பரக்கத்தையும், உள்ளங்களில் கனாஅத்தையும் தந்தருள்வாயாக! தன்னலம் கருதாது சமுதாயத்துக்கு உழைத்த காயிதெ மில்லத் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக! எங்கள் ஊரில் எல்லாச் சமயத்தாரும் ஒற்றுமையாய் வாழ, ஆற்றில் நீரும் வீட்டில் நிறைவும் என்றும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.